கத்தரி திறக்கிற கை: பக்கவாதத்துக்குப் பின் விரல்களை மீட்க

வலது கையும் காலும் விழுந்த நான்காவது மாதம், என் பழைய கத்தரியை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் துணி வெட்டிய கை. இடது கையால் வலது விரல்களை ஒவ்வொன்றாக வளையத்துக்குள் நுழைத்துவிட்டு அழுத்தினேன். கத்தரி நறுக்கென்று மூடிக்கொண்டது. பிறகு திறக்கவே இல்லை. கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முந்தைய இரண்டு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. ரப்பர் பந்து பிசைந்துகொண்டிருந்தேன். பார்க்க வந்தவர்களில் நான்கு பேர் ஆளுக்கொரு பந்து வாங்கி வந்தார்கள். டிவி பார்க்கும்போது, பேசும்போது, தூக்கம் வராதபோது எல்லாம் பிசைந்தேன். அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கித் தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பெண் முதல்நாள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நல்லாப் பிடிக்கிறீங்க ஐயா. இப்ப அதைக் கீழே விடுங்க, பார்க்கலாம்."

விட முடியவில்லை. அவரே என் விரல்களைப் பிரித்துப் பந்தை எடுக்க வேண்டியிருந்தது.

என்னைப் போலப் பலருக்கும் கை இப்படித்தான் திரும்புகிறது. மடக்கும் தசைகள் முதலில் விழிக்கும், கூடவே இறுக்கமும் வரும். விரிக்கும் தசைகள் கடைசியில்தான் எழுந்து வரும். பந்து பிசைந்தால் கை இன்னும் முறுகிப்போகும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பலப்பயிற்சி இறுக்கத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் சொல்லவில்லை. என் குறை வேறு. ஏற்கெனவே வருகிற வேலைக்கே இருக்கிற தெம்பையெல்லாம் செலவழித்துவிட்டேன். கை தாராளமாக விரிகிறது, பிடிதான் இல்லை என்றால் உங்களுக்குப் பந்து சரியாக இருக்கலாம். அதை உங்கள் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். நான் தையல்காரன். என் கையில் நடந்ததையும், எனக்குச் சொல்லித்தந்தவர்களிடம் கேட்டதையும், பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

விரல் விரிவதற்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் நோயாளியால் விரலைக் கொஞ்சமாவது நீட்டவும் தோளிலிருந்து கையைப் பக்கவாட்டில் கொஞ்சம் தூக்கவும் முடிகிறதா என்று பார்த்தார்கள். இரண்டும் முடிந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் ஓரளவு கைத்திறன் திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் முடியாதவர்களுக்கு 25 சதவீதம். நான் இரண்டாவது கூட்டத்தில் இருந்தவன். நூற்றில் இருபத்தைந்து பேர் என்பது சின்னக் கூட்டம் இல்லை.

கை அசையாத நாட்களில்

முதல் வேலை தோளைக் காப்பாற்றுவது. தளர்ந்த கையின் எடை தோள்மூட்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். உட்கார்ந்தால் முழங்கையும் முன்கையும் மேசையிலோ தலையணையிலோ இருக்க வேண்டும். படுத்தால் கைக்கடியில் தலையணை. எழுப்பி உட்காரவைக்க, சட்டை மாட்டிவிட, யாரும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. என் மனைவி ஒரு காகிதத்தில் "கையைத் தொட்டு இழுக்காதீர்கள்" என்று எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைத்தாள். கயிற்றையும் உருளையையும் வைத்து நல்ல கையால் வாதக் கையைத் தலைக்கு மேல் இழுக்கும் பயிற்சி சில இடங்களில் இன்னும் இருக்கிறது. தளர்ந்த தோளுக்கு அது ஆகாது.

சட்டை போடும்போது வாதக் கை முதலில், கழற்றும்போது கடைசியில். இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சட்டை தைத்தவனுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

கை வீங்கினால் இதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வையுங்கள். வீக்கத்தோடு தோல் நிறம் மாறி, தொட்டாலே சுரீர் என்று வலித்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், "பயிற்சி செய்தால் போய்விடும்" என்று இருந்துவிடாதீர்கள்.

கண்ணாடி வைத்தியத்தை இந்த நாட்களிலேயே தொடங்கலாம். வி.எஸ். ராமச்சந்திரன் என்ற நரம்பியல் அறிஞர் 1990-களில் கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு அந்த இல்லாத கையிலேயே வரும் மாய வலிக்காகக் கண்டுபிடித்தது இது. இல்லாத கை இருப்பதுபோலக் கண்ணாடியில் காட்டி மூளையைச் சமாதானப்படுத்துவது. 1999-இல் அவர் இடம்பெற்ற குழு பக்கவாதக் கைக்கும் இதைச் சோதித்துக் கட்டுரை வெளியிட்டது. பின்னால் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்தால் பலன் தருகிறது என்றே தெரிந்தது.

என் கடைச் சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தோம். முழுக் கண்ணாடி தேவையில்லை, முன்கையும் கையும் முழுதாகத் தெரியும் அளவு போதும். மேசையில் நெஞ்சுக்கு நேராக, நெடுக்குவாட்டில் நிறுத்துங்கள். கண்ணாடி முகம் நல்ல கையின் பக்கம். வாதக் கை பின்னால் மறைந்திருக்கட்டும். மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், இரண்டு கையும் ஒன்றுபோல் தெரிந்தால்தான் மூளை நம்பும். இப்போது கண்ணாடிக்குள் பாருங்கள், அங்கே உங்கள் வாதக் கை இருக்கிறது. நல்ல கையை மெதுவாக விரியுங்கள், மடக்குங்கள், மணிக்கட்டைத் தூக்குங்கள். அதே நேரம் மறைந்திருக்கும் கையாலும் அதையே செய்ய முயலுங்கள். அது அசையாது, பரவாயில்லை. ஒரு நாளைக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள், குறைந்தது நான்கு வாரம். நடுவில் கண்ணை எடுத்தால் மாயம் கலைந்துவிடும்.

முதல் வாரம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்றாவது வாரம் ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு துடிப்பு, துணிக்கடியில் எறும்பு ஊர்ந்ததுபோல். நான் நம்பவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிதான், "என்னங்க, அசையுது!" என்று கத்தினாள்.

முறுகிய முஷ்டியைத் திறக்க

பலரும் செய்யும் தவறு, விரல்நுனியைப் பிடித்து நெம்புவது. நெம்ப நெம்பத் தசை எதிர்த்து இறுகும், மூட்டும் புண்படும்.

உங்கள் நல்ல கையில் ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டைக் கீழே தொங்கவிடுங்கள், விரல்கள் தானாக நீளும். மணிக்கட்டை மேலே தூக்குங்கள், விரல்கள் தானாக மடியும். நரம்புக்கு இதில் வேலையில்லை, தசைநார்களின் நீளம் செய்கிற வேலை. இதைத்தான் பயன்படுத்த வேண்டும். முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெல்ல மடக்குங்கள். விரல்கள் தளரும். பெருவிரலை நுனியில் பிடிக்காமல் அடிமேட்டில் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். அப்படியே சற்று நேரம் காத்திருங்கள். பெருவிரல் விட்டுக்கொடுத்தால் மற்ற நான்கும் பின்னாலேயே வரும். அவற்றை அடியிலிருந்து நீட்டிப் பிடித்தபடி, இப்போது மணிக்கட்டை மெதுவாக நேராக்குங்கள். உள்ளங்கையைக் கழுவித் துடைக்க, நகம் வெட்ட, பயிற்சியைத் தொடங்க எல்லாவற்றுக்கும் இதுதான் வழி.

நாள்தோறும் நீட்டிப் பிடிப்பதும் இரவில் கையை நீட்டி வைக்கும் பட்டை கட்டுவதும் மட்டுமே கையை மீட்டுவிடும் என்று நம்பாதீர்கள். மூட்டு இறுகிப்போவதை அவை பெரிதாகத் தடுப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. கை சுத்தமாக, வலியில்லாமல் இருக்க உதவினால் செய்யுங்கள். இறுக்கம் மிக அதிகமாக இருந்தால், தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதன் வேலை ஏறக்குறைய மூன்று மாதம். ஊசியைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்யாமல் இருப்பது, துணியை அளந்து வெட்டிவிட்டுத் தைக்காமல் மடித்து வைப்பது மாதிரி.

இன்னொன்று: இறுக்கம் திடீரென்று கூடினால் காரணம் கையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்கோ ஒரு புண், உள்ளே வளரும் கால் நகம் கூட அதைக் கூட்டும்.

விட்டால்தான் ஒன்று

துடிப்பு வந்துவிட்டதா? இனிமேல்தான் வேலை. என்னுடைய பயிற்சிச் சாமான் எல்லாம் தையல் பெட்டியிலிருந்து வந்தவை. உங்கள் வீட்டில் வேறு இருக்கும், அதை வைத்துச் செய்யுங்கள்.

தூக்குவது: முன்கை மேசையில், கை மட்டும் விளிம்புக்கு வெளியே. மணிக்கட்டைத் தூக்க முயலுங்கள். முடியாவிட்டால் பெருவிரல் மேலே பார்க்கும்படி கையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, மணிக்கட்டை வெளிப்பக்கமாக ஆட்டுங்கள். கையின் எடை தடையாக இருக்காது.

உருட்டுவது: ஒரு நூல்கண்டை மேசையில் வைத்து, விரல்களின் முதுகால் தள்ளி உருட்டிவிடுங்கள். விரல் நீண்டால்தான் கண்டு உருளும். ஏமாற்ற முடியாது.

சுண்டுவது: இதுதான் எனக்குப் பிடித்தது. கோட்டுப் பட்டன் ஒன்றை மேசையில் வைத்து, ஆள்காட்டி விரலால் சுண்டிவிடுங்கள். பிறகு நடுவிரல், மோதிர விரல். முதல் நாள் என் பட்டன் போன தூரம் அரை இஞ்ச். பேரன் எதிரில் உட்கார்ந்து பந்தயம் கட்ட ஆரம்பித்தபிறகு நாளுக்கு எத்தனை தடவை சுண்டினேன் என்று கணக்கே இல்லை.

விடுவது: நூல்கண்டைப் பிடித்து, தூக்கி, அடுத்த டப்பாவுக்குள் விட வேண்டும். நாங்கள் வைத்துக்கொண்ட சட்டம்: பிடித்தது கணக்கில் சேராது, விட்டால்தான் ஒன்று. விரலை டப்பா விளிம்பில் தேய்த்து உதறிவிட்டால் அது பூஜ்யம். விட முடியாமல் சிக்கிக்கொண்டால் அவசரப்படாதீர்கள், மூச்சை விட்டு, மணிக்கட்டைச் சற்றுத் தாழ்த்துங்கள். மேலே சொன்ன தசைநார் உதவிக்கு வரும்.

கண்டு எளிதானதும் பெரிய பட்டன், பிறகு சட்டைப் பட்டன், சாக்பீஸ், கடைசியில் குண்டூசி. கிட்டத்தட்ட எல்லாமே சரியாக வரத் தொடங்கினால் வேலையைக் கடினமாக்குங்கள். பாதிக்கு மேல் தவறினால் ஒரு படி இறங்குங்கள்.

எத்தனை தடவை? அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை அறைகளில் எண்ணிப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு அமர்வில் நோயாளிகள் கையால் வேலை சார்ந்த அசைவைச் செய்தது சராசரியாக 32 தடவை. ஆய்வுக்கூட விலங்குகளில் மூளை மாறுவதைப் பார்க்க நூற்றுக்கணக்கான தடவை செய்யவைக்கிறார்கள். அடுத்த வருடமே, ஒரு மணி நேர அமர்வில் மனிதர்களும் 300 தடவை செய்ய முடியும் என்று காட்டினார்கள். ஆகவே மருத்துவமனையில் போய்ச் செய்துவிட்டு வருவது மட்டும் எந்தக் கைக்கும் போதாது. நூறு பட்டன் உள்ள ஒரு டப்பா, காலி டப்பா ஒன்று. நூறும் இடம் மாறினால் ஒரு சுற்று. நான் நாளுக்கு 40 பட்டனில் தொடங்கினேன். ஒரே நாளில் மூன்று சுற்று முடிக்கும் நிலைக்கு வர ஏழு வாரம் ஆனது, அதுவும் ஒரே மூச்சில் இல்லை, காலை, மதியம், மாலை என்று பிரித்து. களைத்த கை மரக்கட்டையாகிவிடும், அதற்கு மேல் செய்வது வீண்.

செய்யும்போது உடம்பு ஏமாற்றும். கை எட்டாதபோது முதுகு முன்னால் சாயும், தோள் காதுவரை ஏறும். நாற்காலி முதுகோடு நெஞ்சைச் சுற்றி அகலத் துணி ஒன்றைத் தளர்வாகக் கட்டிக்கொண்டேன். சாய முடியாதபோது முழங்கை வேறு வழியில்லாமல் நீண்டது.

நல்ல கையைக் கட்டிவைப்பது

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளில் கண்டது இது. உணர்வு போன கையை முதலில் சிலமுறை நீட்டிப் பார்த்துத் தோற்ற குரங்கு, பிறகு அந்தக் கை ஓரளவு முடிந்தபோதும் அதைப் பயன்படுத்தவே இல்லை. பயன்படுத்தாமல் இருப்பதையும் ஒரு பழக்கமாகக் கற்றுக்கொண்டிருந்தது. நல்ல கையைக் கட்டிவைத்தபோது கெட்ட கை வேலைக்கு வந்தது. 2006-இல் வெளியான பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேர் பங்கேற்றார்கள். ஒரு பாதிப் பேருக்கு இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் கையுறை, கூடவே தினமும் மணிக்கணக்கில் பயிற்சி. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்கள் கை தெளிவாக முன்னேறியது, ஒரு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் இருந்தது.

எல்லோருக்கும் இது ஆகாது. மணிக்கட்டையும் பெருவிரலையும் இன்னும் இரண்டு விரல்களையுமாவது ஏறக்குறைய 10 டிகிரி தானாக விரிக்க முடிய வேண்டும். பார்த்தீர்களா, இங்கேயும் நுழைவுச்சீட்டு விரிப்பதுதான். பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில் இதை அளவுக்கு மீறிச் செய்வதும் நல்லதில்லை.

எனக்கு அந்தக் கையுறையை மனைவி தைத்தாள். விரல் பிரியாத பை மாதிரி, உள்ளே பஞ்சு, மணிக்கட்டில் ஒட்டுப்பட்டை. என் வாழ்நாளில் என் மெஷினில் என்னைத் தவிர வேறொருவர் தைத்த முதல் உருப்படி அது, தையலும் நேராகத்தான் இருந்தது. முழு நாளும் போடவில்லை, தினமும் மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் வலது கைக்கென்று ஒரு பட்டியல்: விளக்கு சுவிட்ச், கதவுக் கைப்பிடி, பல்துலக்குவது, பக்கம் புரட்டுவது, துவாலை மடிப்பது. நடக்கும்போது, படியில், சுடுகிற பொருள் பக்கத்தில், ஈரத்தரையில் கையுறையைக் கழற்றிவிட வேண்டும். விழப்போனால் தாங்குவது அந்த நல்ல கைதான்.

எரிச்சல் வரும். நான் ஒருநாள் தண்ணீர் டம்ளரை மூன்று தடவை கவிழ்த்துவிட்டுக் கையுறையைச் சுவரில் வீசினேன். மறுநாள் டம்ளரை மாற்றினோம், கனமான அடியுள்ளது, பாதித் தண்ணீர். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

உணர்வு

அசைவு வந்தாலும் தொடு உணர்வு வராமல் போகலாம். ஐந்தாவது மாதம் இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தில் என் விரல் பட்டிருக்கிறது. வாடை வந்த பிறகே தெரிந்தது. இப்போது தண்ணீரோ தட்டோ, இடது கை தொட்டுப் பார்க்காமல் வலது கை தொடுவதில்லை.

பயிற்சி எளிது. வெல்வெட், கார்டுராய், துவாலைத் துணி, சாட்டின் என்று நான்கு துண்டு. கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தடவுங்கள். முதலில் நல்ல கையால், பிறகு வாதக் கையால். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லுங்கள். பிறகு பைக்குள் சாவி, பட்டன், ஸ்பூன் போட்டுத் தேடி எடுப்பது. தினம் பத்து நிமிடம்.

கருவிகள்

மின்தூண்டல் நல்லது. முன்கையின் வெளிப்பக்கத்தில் பட்டை ஒட்டி, மணிக்கட்டும் விரலும் விரியும்படி செய்வார்கள். மின்சாரம் வரும்போது நீங்களும் சேர்ந்து விரிக்க முயல வேண்டும், சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் பலன் குறையும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பட்டை ஒட்ட வேண்டிய இடத்தைத் தெரபிஸ்ட் பேனாவால் குறித்துத் தரட்டும்.

ரோபோ இயந்திரங்களைப் பார்த்து ஏங்க வேண்டாம். பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பைவிட அது கையை வேலைக்குத் திருப்பியதாகத் தெரியவில்லை. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவியை 2021-இல் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கு அறுவை சிகிச்சை வேண்டும், பயிற்சியும் கூடவே உண்டு. நான் காற்றடைத்து விரலைத் தானாக விரித்து மூடும் கையுறை ஒன்று வாங்கினேன். ஒரு மாதம் விரித்தது அதுதான், நான் இல்லை. இப்போது அது பட்டன் டப்பாவுக்குக் கீழே கிடக்கிறது.

அளந்து வைப்பது

வேகமான முன்னேற்றம் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். "ஆறு மாதத்துக்குப் பிறகு ஒன்றும் வராது" என்று என்னிடமும் ஒருவர் சொன்னார். நல்ல கைக்குக் கையுறை போடும் வைத்தியம் பக்கவாதம் வந்து ஒரு வருடம் தாண்டியவர்களிடமும் பலன் தந்திருக்கிறது. மெதுவாக வரும், அவ்வளவுதான். மெதுவாக வருவது கண்ணுக்குத் தெரியாது, அதனால் அளக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் இஞ்ச் டேப்பால் பெருவிரல் நுனிக்கும் ஆள்காட்டி விரல் நுனிக்கும் உள்ள இடைவெளியை அளந்து நோட்டில் எழுதினோம். ஐந்தாம் மாதம் முக்கால் இஞ்ச். எட்டாம் மாதம் இரண்டரை. இன்று ஐந்து. இடது கைக்கு ஆறரை. கூடவே பத்துப் பட்டன் எடுத்து விட எத்தனை நொடி என்றும் எழுதுங்கள்.

நடுவில் ஆறு ஞாயிறு நோட்டு காலி. கையால் அல்ல, மனத்தால். எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று மருத்துவர் சொல்லி மாத்திரை கொடுத்தார். சோம்பல் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. உங்களுக்கு அப்படி இருந்தால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், முதலில் அதைச் சொல்லுங்கள். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, புதிதாக ஒரு கை தளர்வது என்று எது வந்தாலும் நோட்டு, பட்டன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கத்தரிக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு: முதலில் நூல் நறுக்கும் சின்னக் கருவி, அதன் வில் தானே திறந்துகொள்ளும். அடுத்து, குழந்தைகளின் மழுங்கிய முனைக் கத்தரியும் தடித்த காகிதமும். வளையத்தின் உள்பக்கத்தில் துணிப்பட்டை சுற்றினால் விரல் தள்ளுவதற்குப் பிடிமானம் கிடைக்கும். எனக்குப் பதினோராவது மாதம் பழைய கத்தரி திறந்தது. வெட்டிய கோடு நேராக வரவில்லை, இரண்டு இடத்தில் பிசிறு. அந்தத் துணியை மனைவி தூசி துடைக்க எடுத்துக்கொண்டாள்.